கீழத்தெருவுக்கு ஒரு படம்

ஆலங்கரை,
6-12-1970

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தியாகேசன் எழுதுகிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் இந்த மழையில் இருமல் சளி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் கோளாறு. அதற்குக் காரணம் நீ.

போன வாரம் நீ சொன்ன படத்தைக் கொட்டகையில் போட்டேன். 'ஒரு சண்டைகூடக் கிடையாது, வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருப்பாய்' என்று எழுதியிருந்தாய். தரை டிக்கெட்டில் ஒருத்தனும் யோசிக்கவில்லை. மூன்று இடைவேளையில் இரண்டாவதிலேயே உட்கார்ந்திருந்த மணலை வாரித் திரையில் எறிந்தார்கள். ஆபரேட்டர் ஹாஜா மைதீன் அண்ணன் மெஷினுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார். மறுநாள் ரெங்கசாமி முதலாளி கூப்பிட்டார். "உங்க அக்கா தஞ்சாவூர்ல பால்கனியில உக்காந்து பாக்குது. நம்ம ஆளு நாள் பூரா சேத்துல நின்னுட்டு வர்றவன். அதை அதுக்கு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அத்தான் பட விநியோக ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிற புண்ணியத்தில் எந்தப் படமானாலும் நீதான் முதலில் பார்க்கிறாய். இனிமேல் பார்க்கும்போது என் பிழைப்பையும் கொஞ்சம் நினைத்துக்கொள். மங்களாம்பிகை டூரிங் டாக்கீஸ் மேனேஜர் என்று பெயர்தான் பெரிது. கூட்டம் குறைந்தால் வெளியே போகிற முதல் ஆள் நான்.

ஒரு நல்ல செய்தி. உன் கூட்டாளி காத்தாயி முழுகாமல் இருக்கிறாள், ஆறு மாதம். அய்யாவுவைக் கட்டி எட்டு வருஷத்துக்குப் பிறகு. அய்யாவு இப்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். வருகிற அறுவடைக்கு நெல் கூலியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஊர் நிலத்தில் பாதி முதலாளியுடையதுதானே, வெளியூர் ஆளை இறக்குவேன் என்கிறார். பகலில் எல்லாம் முறைத்துக்கொள்கிறார்கள். ராத்திரி அதே கீழத்தெரு ஆட்கள் வந்து என் கொட்டகையில் உட்காருகிறார்கள்.

படிக்க ஏதாவது அனுப்பு. டிக்கெட் கொடுத்து முடித்த பிறகு எனக்குப் பொழுது போகவில்லை.

உன் தம்பி,
தியாகு

*

தஞ்சாவூர்,
14-12-1970

அருமைத் தம்பி தியாகுவுக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு மட்டும் காதுவலி, கத்திக்கொண்டே இருக்கிறான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. டீயைக் குடித்துவிட்டு வயிறு நிறைந்தது என்று சொல்லாதே.

மணலை எறிந்தார்களா, எறியட்டும். அந்தப் படத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். அதில் வருகிற மூத்த மருமகள் ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் எனக்கு என் புகுந்த வீட்டுப் பத்து வருஷமும் கண்முன் வந்து நின்றது. சினிமாவுக்குப் போவதே அதற்குத்தானடா. உன் முதலாளிக்குத் தேய்க்கிற வேலை இருந்திருந்தால் அவருக்கும் விளங்கியிருக்கும்.

வாடகை நூலகத்துப் புத்தகம் ஒன்று அனுப்புகிறேன். கொலைக் கதை. கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டினாயானால் உன்னோடு பேச மாட்டேன்.

காத்தாயி செய்தி கேட்டு எனக்கு உட்கார முடியவில்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கதை படிக்க, அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது நேற்று மாதிரி இருக்கிறது. கதையில் ஒருத்தி செத்துவிட்டால் அவளுக்கு ஆகாது. "வேற மாதிரி படிங்க" என்பாள். நானும் சாகாத மாதிரி படிப்பேன். அவளிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல். என்னைக் கேட்காமல் எந்தப் படத்துக்கும் வரக் கூடாது. வெட்டுக்குத்தைப் பார்த்தால் பயம் வயிற்றுப் பிள்ளைக்கு இறங்கும். பெரியவனைச் சுமந்தபோது என் மாமியார் என்னைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்குத் திட்டினேன். இன்றைக்கு நானே சொல்கிறேன் பார்.

சண்டை சச்சரவு நடக்கிற இடத்தில் நீ நிற்காதே.

அன்புடன்,
பிரகதாம்பாள்

*

ஆலங்கரை,
8-1-1971

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சின்னவன் காது தேவலையா? புத்தகம் படித்தேன், கடைசி அத்தியாயத்தைக் கடைசியில்தான் படித்தேன், சத்தியம்.

ஊர் சரியில்லை. போன புதன்கிழமை முதலாளியின் ஆட்கள் அய்யாவுவைக் களத்து மேட்டில் பிடித்துத் தூணில் கட்டி, அவன் பெண்டாட்டி பார்க்கவே அடித்தார்கள். முன்பல் இரண்டு போய்விட்டது. காத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தன் காலிலும் விழுந்தாள். நான் கொட்டகை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து முதலாளியின் ஏஜெண்டு வரப்பில் கிடந்தார். மண்டை பிளந்து, ஒரு கண் வெளியே வந்திருந்தது. உயிர் இருக்கிறது. இப்போது யாரும் தனியாக நடப்பதில்லை. அரிவாள் இல்லாமலும் நடப்பதில்லை.

இந்த நேரத்தில் முதலாளி பொங்கல் பரிசு என்று தை நாலாம் தேதி கீழத்தெருவுக்கு இலவசக் காட்சி வைக்கச் சொல்கிறார். நல்ல நீளமான படமாக இருக்க வேண்டுமாம். "கீழத்தெருவுல ஒரு ஆள் மிச்சமில்லாம கொட்டாய்க்குள்ள இருக்கணும். எந்தப் படத்துக்கு அப்படி வருவாங்கன்னு உங்க அக்காவையே கேளு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. யோசித்து ஒரு படம் சொல். படப்பெட்டி ஜனவரி பதினாறாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

தியாகு

*

தஞ்சாவூர்,
11-1-1971

அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, போய் நடுவில் விழக்கூடாதா? சரி, நீ போயிருந்தால் உன்னையும் கட்டியிருப்பார்கள்.

முதலாளிக்குத் திடீரென்று தயாள குணம் வந்துவிட்டது. சமாதானமாகப் போகப் பார்க்கிறாரோ என்னவோ. அப்படியானால் நல்லதுதான். என்னிடம் இரண்டு படம் இருக்கிறது. ஒன்று குடும்பப் படம். பெண்கள் ஒருத்தி விடாமல் வருவார்கள், முந்தானை நனைய அழுவார்கள். ஆனால் ஆண்கள் பீடி குடிக்க எழுந்தால் திரும்பி வர மாட்டார்கள். இன்னொன்று கத்திச் சண்டை. பதினெட்டு ரீல். முதல் ரீலிலேயே நாலு தலை உருளுகிறது. ஆண்கள் நகர மாட்டார்கள். இதையே அனுப்பச் சொல்லிவிட்டேன். மூன்று மணி நேரமாவது உங்கள் ஊர் அடிதடி திரையோடு நிற்கட்டும்.

காத்தாயிக்கு இந்தப் படம் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே பயந்து கிடப்பாள். வீட்டிலேயே இருக்கச் சொல், நான் சொன்னேன் என்று சொல். மாசியில் அந்தக் குடும்பப் படத்தை அவளுக்காகவே அனுப்புகிறேன். மறக்காமல் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு உனக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

பிரகதாம்பாள்

*

ஆலங்கரை,
16-1-1971

அக்காவுக்கு,

நலம். பெட்டி வந்தது. காத்தாயியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

தியாகு

*

தஞ்சாவூர்,
26-1-1971

தம்பி தியாகுவுக்கு,

பத்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உயிரோடு நலமாக இருக்கிறாயா, அதை மட்டுமாவது எழுது.

அத்தான் கொண்டுவந்த பேப்பரில் மூலையில் நாலு வரி போட்டிருக்கிறான். ஆலங்கரை கீழத்தெருவில் விளக்கு கவிழ்ந்து பதினோரு குடிசை எரிந்தது, மூன்று பெண்கள் கருகி இறந்தார்கள் என்று. தேதி தை நாலு. பெயர் போடவில்லை. ஏன் போடவில்லை? செத்தவர்களுக்குப் பெயர் கிடையாதா? காத்தாயி எப்படி இருக்கிறாள்? அவள் வீடு தெருவின் கடைசியில்தானே இருக்கிறது, குளத்துப் பக்கம். தீ அதுவரைக்கும் போயிருக்காது. அவள் நன்றாக இருக்கிறாள் என்று மறு தபாலில் எழுது. வேறு எதையும் எழுத வேண்டாம்.

அக்கா

*

ஆலங்கரை,
2-2-1971

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அனைவர் நலமும் அறிய ஆவல்.

காத்தாயி இல்லை. அவளும், அவள் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று ஒன்பது நாளான ஒருத்தியும், நடக்க முடியாத ஒரு கிழவியும். பச்சைக் குழந்தையையும் சேர்த்தால் நாலு. பேப்பர்காரன் குழந்தையைக் கணக்கில் எடுக்கவில்லை.

சிம்னி விளக்கு கவிழ்ந்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். காற்று வேறு. எல்லோரும் படத்தில் இருந்தார்கள், வெளியாள் யாரும் ஊருக்குள் வரவில்லை என்று நானும் கையெழுத்துப் போட்டேன். கொட்டகை நிறைந்திருந்தது. படம் நன்றாக ஓடியது.

அய்யாவு சாப்பிடுவதில்லை. நீ மனசைத் தேற்றிக்கொள்.

தியாகு

*

தஞ்சாவூர்,
6-2-1971

தியாகு,

நலம் விசாரிக்க எனக்கு மனசு இல்லை.

படம் நன்றாக ஓடியது என்று எப்படியடா எழுத உன் கை வந்தது? உன் கடிதம் வந்ததிலிருந்து நான் அடுப்பு மூட்டவில்லை. அவளை வீட்டில் இருக்கச் சொன்னது நான். அழுது தீர்த்தேன். அதற்கு மேல் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒரு விளக்கு கவிழ்ந்தால் அந்த வீடு எரியும், அடுத்த வீடு எரியும். பதினோரு வீடு எரிய எவ்வளவு நேரம் ஆகும்? கிழவியை விடு, மற்ற இரண்டு பேருக்கும் ஓடக் கால் இல்லையா? காத்தாயி ஓடுவாள். ஏழு மாதத்தோடும் ஓடுவாள், எனக்குத் தெரியும். ஒரு ஆள் மிச்சமில்லாமல் கொட்டகைக்குள் இருக்க வேண்டும் என்று முதலாளி ஏன் சொன்னார்? நீளமான படம் எதற்கு? உன் கடிதம் என் முன்னால்தான் இருக்கிறது. 'நீயும் கேட்காதே' என்று எழுதியிருக்கிறாய். இப்போது கேட்கிறேன். நேராகப் பதில் எழுது. பூசி மெழுகி எழுதினால் நீ என் தம்பி இல்லை.

பிரகதாம்பாள்

*

ஆலங்கரை,
20-2-1971

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரியும். முழுதும் தெரியாது, ஆனால் தெரியும். படம் ஓடும்போது லாரியில் ஆள் வந்து குடிசைகளைப் பிரித்துப் போடுவார்கள், சங்கத்துக் கொடிக்கம்பத்தை வெட்டுவார்கள், அவ்வளவுதான் என்று முதலாளி சொன்னார். "ஆள் மேல ஒரு விரல் படாது. அதுக்குத்தானேடா படம் போடச் சொல்றேன்" என்றார். நானும் நம்பினேன். தெரு காலியாக இருந்தால் கூரையோடு போகும், உயிர் தப்பும் என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுகூட நினைத்தேன், அக்கா.

உன் கடிதம் வந்தது. காத்தாயி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். "பிரகதாம்மா சொன்னா சரிதான், நான் வரல" என்றாள். இல்லை, நீ வா, கண்ணை மூடிக்கொண்டாவது உட்கார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அய்யாவுவிடம் சொல்வாள். அவன் ஊரைக் கூட்டுவான். முதலாளி என் தோலை உரிப்பார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பதாவது ரீல் ஓடும்போது கொட்டகைக் கீற்றுச் சந்து வழியாக வானம் சிவப்பாகத் தெரிந்தது. ஹாஜா அண்ணன் மெஷினை நிறுத்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். திரையில் வெட்டிக்கொள்கிறார்கள், தரையில் விசிலடிக்கிறார்கள். அய்யாவு முதல் வரிசையில் உட்கார்ந்து பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த இடைவேளைக்கு விளக்கைப் போட்டபோதுதான் புகை உள்ளே வந்தது.

பிறகு முதலாளியின் ஆள் ஒருவன் குடிபோதையில் சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. காத்தாயி அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஒருத்தன் கையை வெட்டியிருக்கிறாள். அவள் தலையில் கடப்பாரையால் அடித்து, பிள்ளை பெற்றவள் வீட்டுக்குள் இழுத்துப் போட்டு, வெளியே சங்கிலி போட்டுவிட்டுக் கூரையில் கொளுத்தினார்கள். கதவுக்கு உட்பக்கம் நகக் கீறல் இருந்தது. அய்யாவு அந்தப் பலகையை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கிறான்.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி காட்சி, வருகிற குடும்பத்துக்கெல்லாம் அரிசி என்று தண்டோரா போட்டிருக்கிறார்கள். கீழத்தெருவில் மிச்சம் இருக்கிற மேல்வரிசைக் குடிசைகளுக்கு இந்தத் தடவை தீ. முதலாளி சொல்லிவிட்டார், என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இந்தத் தடவையாவது பெண்கள், கர்ப்பிணிகள், எல்லோரும் வருகிற படமாக ஒன்று சொல். அந்தக் குடும்பப் படம் கிடைக்குமா? யாரும் வீட்டில் இருக்கக் கூடாது, அக்கா. என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

என் கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிடு. உன்னுடையவற்றை நீ கொடுத்த புத்தகத்துக்குள் வைத்து இதோடு அனுப்புகிறேன், அவற்றையும்.

தியாகு

*

தஞ்சாவூர்,
24-2-1971

தியாகு,

படம் சொல்ல மாட்டேன். எந்தப் பெட்டியும் இங்கிருந்து வராது. பெண்கள் வருகிற படமாம். உனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? செத்தவளுக்கு என்ன குறை என்று நினைத்தாய், படம் பிடிக்கவில்லை என்றா?

உன் கடிதங்களை அடுப்பில் போடவில்லை. சங்கத்துக்காக வழக்காடுகிற வக்கீல் ஒருவர் திருவாரூரில் இருக்கிறார் என்று விசாரித்து இன்று காலை அவரிடமே கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும். நீ திருப்பி அனுப்பிய புத்தகத்துக்குள் என் கடிதங்களும் இருந்தன, அவற்றையும். வெள்ளிக்கிழமை விஷயத்தை வாயாலும் சொன்னேன். அவர் ஆள் அனுப்புவதாகச் சொன்னார், எத்தனை சீக்கிரம் அனுப்புவார் என்று தெரியவில்லை. அத்தான் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அவர் வேலை போனால் போகிறது.

நீ கொட்டகையைத் திறக்காதே. முதலாளி அடித்தால் அடி வாங்கு. இங்கே ஓடி வந்துவிடு. உன்னை வெறுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், முடியவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

அக்கா

*

ஆலங்கரை,
3-3-1971

சகோதரி பிரகதாம்பாள் அவர்களுக்கு,

ஆபரேட்டர் ஹாஜா மைதீன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் பொறுமையைத் தர வேண்டும். தந்தி கிடைத்து நீங்கள் கிளம்புவதற்குள் உடலை எடுக்கும்படி ஆகிவிட்டது. போலீஸ் காத்திருக்க விடவில்லை. நடந்ததை நேரில் பார்த்தவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

உங்களிடமிருந்து பெட்டி வராததால் தியாகு மன்னார்குடி போய்க் கையில் கிடைத்த படத்தை எடுத்து வந்தார். கதை என்ன என்றுகூட அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கொட்டகை நிறைந்தது. மூன்றாவது ரீல் மாட்டும்போது என்னிடம் வந்து, "அண்ணே, நிறுத்துங்க" என்றார். மைக்கை எடுத்து, "லாரி வருது. தெருவைக் கொளுத்தத்தான் உங்களை இங்க உக்கார வச்சிருக்கு. ஓடுங்க" என்றார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மைக்கை வைக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

ஜனம் வாய்க்கால் பாலத்தில் லாரியை மறித்தது. வந்தவர்களில் இரண்டு பேரை அங்கேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஒருவனை அய்யாவு மண்வெட்டியால் வெட்டியதை நான் பார்த்தேன், போலீஸிடம் சொல்லவில்லை. நல்லது என்று சொல்ல மாட்டேன். தெரு தப்பியது. தப்பி ஓடியவர்கள் கொட்டகைக்கு வந்தார்கள். தியாகு டிக்கெட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தகரக் கதவுதான். கழுத்தில் ஒரு வெட்டு, மறித்த கையில் இரண்டு. நான் தூக்கியபோது கை தோலில் தொங்கியது. வண்டியில் ஏற்றுவதற்குள் போய்விட்டார். உங்கள் கடிதம் மறுநாள்தான் வந்தது. அதைப் பிரித்துப் படித்துவிட்டேன், மன்னியுங்கள்.

கீழத்தெரு ஆட்கள்தான் அவரைத் தூக்கிப் போனார்கள். அய்யாவு கொள்ளிச் சட்டியை ஏந்தி முன்னால் நடந்தார். தங்கள் கொடியைப் போர்த்தி, தங்களுக்காகச் செத்தவர் என்று பேசினார்கள். தை மாதம் அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் சத்தத்தைக் கூட்டச் சொன்னபோது கூட்டியவன் நான்.

வக்கீல் நேற்று வந்தார்; வெள்ளிக்கிழமை அவர் அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடிதங்களை இன்னும் அய்யாவுவிடம் காட்டவில்லை. நீங்கள் கோர்ட்டில் நின்று கையெழுத்து இன்னாருடையது என்று சொன்னால்தான் அவை செல்லுமாம். சொன்னால் முதலாளி தப்ப முடியாது. ஆனால் தியாகு பெயரும் அதோடு போய்விடும். தம்பியை இப்படியே விட்டுவிட விரும்பினால் கடிதங்களை உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். என்ன சொல்லட்டும்?

ஹாஜா மைதீன்

*

தஞ்சாவூர்,
8-3-1971

ஹாஜா அண்ணனுக்கு,

தங்கை பிரகதாம்பாள் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். என் தம்பியை அள்ளி எடுத்த கைக்கு நான் என்ன திருப்பிச் செய்வேன்.

மூன்று நாள் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனை அந்தக் கொடியோடு அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதல் நாள் முழுக்க நினைத்தேன். அவனுக்கு அதற்கு உரிமை இல்லையா, செத்தானே என்று கத்தினேன். அத்தான்கூட, "விட்டுடு, பிரகதா" என்றார். இரண்டாம் நாள் அந்தக் கதவுப் பலகை நினைவுக்கு வந்தது. அதன் பிறகு விட முடியவில்லை.

கோர்ட்டில் சொல்வேன். காத்தாயியை வீட்டில் இருக்கச் சொன்னது பிரகதாம்பாள். தெரிந்தும் தலையை ஆட்டிவிட்டு வந்தது தியாகேசன். படம் கேட்டது ரெங்கசாமி. முதல் இரண்டு பெயரைச் சொல்லாமல் மூன்றாவதைச் சொல்ல வழி இல்லை, அண்ணே.

வக்கீல் கடிதங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அய்யாவுவிடமும் அவர் காட்ட வேண்டாம், நீங்களும் ஒன்றும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வக்கீலிடம் போய் அவற்றை வாங்கிக்கொண்டு வருகிறேன். என் தம்பிக்கு முன்னால் கொள்ளி பிடித்து நடந்த மனுஷன் அவர். கோர்ட்டில் நான் சொல்லி அவர் கேட்கக் கூடாது. அவர் வீடு எரிந்த இடத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டுகிறேன். ஒரு வரியையும் மாற்றாமல் படிக்கிறேன். கேட்டு முடித்த பிறகு அவர் என்ன செய்தாலும் நீங்கள் குறுக்கே வரக் கூடாது.

பிரகதாம்பாள்